பொன்னியின் செல்வனுக்குப் பிறகு என்ன? நாவல் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்த உறுப்பினர் பதிலளிக்கிறார்.

ஐயா, ‘பொன்னியின் செல்வ’னை மூன்று முறை முடித்துவிட்டேன். அதே போல வேறு எது? (பாலக்கோடு)

அதே போலத்தான் வேண்டும் என்றால் நான்காம் முறையும் அதையே படியுங்கள், தம்பி. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை. அடுத்த வாரம் வரை வாசகனைத் தவிக்கவிடும் வித்தை கல்கிக்குக் கைவந்தது. அதை வேறிடத்தில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கொஞ்சம் அரண்மனையை விட்டு வெளியே வாருங்கள். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் நடக்கிறது. அங்கே பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புதான் அதற்கு ஊற்று. போர் உண்டு, ஆனால் போரால் ஊரை விட்டு ஓடுகிறவர்களும் உண்டு.

அதியமானைப் பற்றி நல்ல நாவல் உண்டா? (தருமபுரி)

முதலில் புறநானூற்றில் ஔவை அவனைப் பாடியவற்றைப் படித்துவிடுங்கள். அவனுடைய தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், நடந்த போரைச் சொன்ன ‘தகடூர் யாத்திரை’ முழுதாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியிருக்கின்றன. அந்த நூல் தொலைந்தது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

நம் மண்ணின் அண்மைக்காலத் துயரம் தெரிய வேண்டுமானால் ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’. 1876–78 பஞ்சக் காலத்துச் சென்னை. பிழைக்க வழியில்லாமல் நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் கதை. தருமபுரி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. நம் கொள்ளுத்தாத்தாக்களின் பசி அது.

காடும் மலையும் வருகிற கதை சொல்லுங்கள் அண்ணா. (பென்னாகரம்)

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004). முன்பாதியில் சத்தியமங்கலம் பக்கத்து மலையில் வாழும் சோளகர் பழங்குடியினரின் தெய்வம், வேட்டை, விதைப்பு, நிலம் பறிபோகும் கதை. பின்பாதியில் வீரப்பன் தேடுதலின் பெயரால் அந்த மக்கள் பட்ட சித்திரவதை. இரண்டாம் பாதிக்கு நேரே தாவிவிடாதீர்கள். எதை இழந்தார்கள் என்பது முதல் பாதியில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இருப்பார்கள். படித்த பிறகு அவர்களிடம் பேசிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் கன்னடம் பேசுவோம், தமிழில் படிப்போம். (ஓசூர்)

எஸ்.எல். பைரப்பாவின் ‘பருவம்’, பாவண்ணன் மொழிபெயர்ப்பில். மகாபாரதம்தான், அற்புதங்களைக் கழற்றிவிட்டு மனிதர்களை மட்டும் வைத்திருக்கிறார்.

ஆயிரம் பக்கம் இருந்தாலும் சலிக்காது. எது? (அரூர்)

சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’, பூமணியின் ‘அஞ்ஞாடி’. இரண்டுமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவை. ‘அஞ்ஞாடி’யில் கரிசல் வட்டார வழக்கு முதல் நூறு பக்கம் படுத்தும். விட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது. சமகால நாவல் கேட்கிறார். ‘செல்லாத பணம்’ கொடுக்கலாமா? (காவேரிப்பட்டணம்)

இமையத்தின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று. ஆனால் தீக்காயப் பிரிவில் மகளை வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பத்தின் கதை அது. தாய் மனம் தாங்காமல் போகலாம். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யைக் கொடுங்கள். ஒரு வெள்ளாட்டின் வாழ்க்கை, சின்னப் புத்தகம். அதிலும் சோகம் உண்டு. ஆனால் ஆடு வளர்த்தவர் என்றால் வரிக்கு வரி உங்களுக்கே விளக்கம் சொல்வார்.