பாக்கேஜ் டிசைன் என்றால் பார்சல் கட்டுவதில்லை, ஐயா

போன கிழமை மகளோடு வந்தபோது, "எஞ்சினியரிங் படிச்சுப்போட்டு சிப்புக்குப் பாக்கேஜ் செய்யப் போறாளாம், பார்சல் கட்டுற வேலையோ?" என்று கேட்டீர்கள். வெளியில் ஆட்கள் காத்திருந்ததால் அவசரமாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

பிள்ளை பழைய போனிலிருந்து கழற்றிய கறுப்புச் சதுரமொன்றைத் திருப்பிக் காட்டினாளே, அடியில் கடுகிலும் சிறிய சோல்டர் (பற்றவைக்கும் உலோகம்) உருண்டைகள் வரிசையாக இருந்தன. சிப் அதற்கு உள்ளே இருக்கிறது. அதைப் போர்டோடு, அதாவது மின்சுற்றுப் பலகையோடு, இணைப்பதும், மின்சாரம் ஊட்டுவதும், சூட்டை வெளியேற்றுவதும் பாக்கேஜின் வேலை. சிக்கலும் அங்கேதான். ஒரு பாகை சூடேறினால் சிலிக்கன் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 3 பங்கு விரியும். அதைத் தாங்கும் அடித்தட்டு 15 பங்களவில் விரியும். இரண்டும் ஒட்டியிருப்பதால் எண்ணெயில் போட்ட அப்பளம் போல நெளியப் பார்க்கும், உருண்டைகளில் வெடிப்பு விழும். இப்போது செயற்கை நுண்ணறிவுக்கான சிப்புகளில் ஒரே பாக்கேஜுக்குள் பல சிப்புகளையும் நினைவகத்தையும் நெருக்கி வைக்கிறார்கள். அதனால் சூடும் சிக்கலும் அதிகம், ஆள் தேவையும் கூடியிருக்கிறது.

இந்தத் துறையில் சீனியர் எஞ்சினியர் ஆகப் பெரும்பாலும் 5 முதல் 8 வருட அனுபவம் வேண்டும். சிப் செய்பவர், போர்ட் செய்பவர், தொழிற்சாலைக்காரர் மூவரும் மூன்று விதமாக இழுப்பார்கள். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று சொல்லி, பிழை வந்தால் பொறுப்பேற்பவர்தான் சீனியர். உங்கள் மகள் நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு "தெரியாது சேர், பார்த்துச் சொல்லுறன்" என்றாள். அந்தக் குணம் இந்த வேலைக்கு மிகவும் தேவை.

கிளிநொச்சி பொறியியல் பீடத்தில் மின், இலத்திரனியல் படிக்கிறாள், அடித்தளம் சரி. மின்காந்தவியலைச் சோதனைக்காக மட்டும் படிக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். வெப்பப் பரிமாற்றத்தை இயந்திரவியல் படிக்கும் நண்பர்களிடமாவது கேட்டுப் படிக்கட்டும். சூடு, நெளிவு எல்லாவற்றையும் கணினியிலேயே கணித்துப் பார்க்கும் ஆன்சிஸ் மென்பொருளின் மாணவர் பதிப்பு இலவசம். அதில் இப்போதே கைபழகலாம். பைத்தன் என்ற கணினி நிரல்மொழியும் கொஞ்சம் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்தத் தொழிலைத் தொடங்குவது கஷ்டம், அதை மறைக்கமாட்டேன். பெங்களூர், சிங்கப்பூர், மலேசியாவின் பினாங்கு என்று போகவேண்டி வரும். பினாங்கில் சிப் கம்பனியான இன்டெல் 1972இலிருந்து இருக்கிறது. அந்தக் காலத்தில் மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பிய மலாயன் பென்சனியர் இல்லாத ஒழுங்கை நம் ஊரில் இருந்ததா? தூரம் நமக்குப் புதிதில்லை, ஐயா.

ஆனால் மாஸ்டர்ஸுக்கென்று இப்போதே காணியை ஈடு வைக்காதீர்கள். முதலில் இரண்டு வருடம் வேலை செய்யட்டும். அப்புறம் எதில் ஆழமாகப் போவது என்று அவளுக்கே தெரியும், கம்பனி உதவியோ புலமைப்பரிசிலோ தேடவும் வழி பிறக்கும்.

சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையை அனுப்புங்கள். நாலாம் வருட புரொஜெக்டுக்குத் தலைப்புப் பார்ப்போம். அந்தக் கறுப்புச் சதுரத்தையும் கொண்டுவரட்டும்.