வாஷிங் மெஷினில் பூஞ்சை வாடை: எப்படிப் போக்குவது?

பொள்ளாச்சிப் பக்கம், ஆடிச் சாரலில் துவைத்த துணியே முடைநாற்றம் அடிக்கிறது, கதவு ரப்பரில் கறுப்புப் புள்ளிகள் என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பக்கக் கதவு மெஷின்தானே? அப்படியென்றால் முதலில் அந்த ரப்பர் மடிப்பை விரித்துப் பாருங்கள். தேங்கிய தண்ணீர், நூல், சோப்புக் கசடு எல்லாம் அங்கேதான் இருக்கும். பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு.

கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, 1 பங்கு ப்ளீச்சில் 10 பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து மடிப்பில் 10 நிமிடம் வையுங்கள். பிறகு நன்றாகத் துடைத்துவிடுங்கள். ப்ளீச்சோடு வினிகரைக் கலந்துவிடவே கூடாது, நச்சுப் புகை வரும். அப்புறம் துணி போடாமல் 60 டிகிரி சுடுநீரில் ஒருமுறை ஓட்டுங்கள். பவுடர் தட்டையும் கழற்றித் தேய்த்துவிடுங்கள்.

சரி, மறுபடி வராமலிருக்க? துவைத்ததும் துணியை எடுத்து, ரப்பரைத் துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள் (சின்னக் குழந்தைகள் இருந்தால் கவனம்). பவுடரை அளவாகப் போடுங்கள். கோவையின் சிறுவாணித் தண்ணீர் போல மென்மையான தண்ணீர் என்றால், கொஞ்சம் போட்டாலே போதும். போர் தண்ணீர் என்றால் உப்புப் படிவில் கசடு ஒட்டும், அவ்வப்போது உப்பு நீக்கும் பவுடர் போட்டு ஓட்டுங்கள்.