மகள் குளக்கரைக்கு கேமராவோடு போகட்டும்: ஒரு தாய்க்கும் மகளுக்கும் சில யோசனைகள்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் முக்கியமாக இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த மகள், பறவைகளையும் காட்டையும் படமெடுப்பதுதான் இனி என் வாழ்க்கை என்கிறாள். இதில் பிழைக்க முடியுமா என்பது ஒன்று. ஒன்றரை லட்ச ரூபாய்க்கு லென்ஸ் கேட்கிறாள். நகையை அடகு வைத்தாவது வாங்கித் தரவா என்பது மற்றது. லென்ஸ் கேள்விக்குப் பதில் எளிது: நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத்தான் பேச வேண்டும்.

காட்டுயிர்ப் படங்களை விற்கும் வருமானத்தில் மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலர். ஒரு படத்துக்குப் பத்திரிகைகள் தரும் தொகை பெரிதல்ல. இணையத்திலோ நல்ல படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இதை மகளிடம் மறைக்காதீர்கள். அதே சமயம், இந்தத் திறமையைச் சுற்றிப் பல வேலைகள் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆய்வு நிறுவனங்களுக்கும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளுக்கும் களப்பணியைப் பதிவு செய்ய ஆள் தேவைப்படுகிறது. ஆவணப்படக் குழுக்கள் ஒளிப்பதிவு உதவியாளர்களைத் தேடுகின்றன. பயிலரங்கு நடத்துவது, பறவை பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டுவது, பள்ளிகளில் சூழல் கல்வி கற்பிப்பது, நூல்களுக்குப் படமும் எழுத்தும் சேர்த்துத் தருவது என்று வழிகள் உண்டு. கல்யாண வீடுகளில் படமெடுத்து, அந்தப் பணத்தில் காட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

இந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள் என்ன படித்தார்கள் என்று பாருங்கள். தேனிப் பக்கம் பிறந்த ராதிகா ராமசாமி கணினிப் பொறியியல் படித்தவர். டெல்லியில் வசித்தபோது ஓக்லா பறவைகள் சரணாலயத்துக்கும் ராஜஸ்தானின் பரத்பூருக்கும் திரும்பத் திரும்பப் போய்த் தேர்ந்தவர். 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன் தாவரவியலும் சட்டமும் படித்தார். எழுத்து, ஓவியம், ஒளிப்படம் மூன்றும் அவருக்குக் கைவந்திருந்தன. 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் மறையும்வரை எழுதினார். உலகம் வண்ணத்துக்கு மாறிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. இவர்கள் இருவருமே ஒளிப்படத்துக்கென்று பட்டம் வாங்கியவர்கள் அல்லர்.

அதனால் என் யோசனை இது: இளநிலையில் விலங்கியலோ தாவரவியலோ வனவியலோ படிக்கட்டும். கேமராவைத் தானாகவும் கற்றுக்கொள்ளலாம். உயிரியல் படிப்பு இல்லாவிட்டால் ஆய்வுப் பணிகளின் கதவு திறப்பது கடினம். வனவியல் என்றால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வு வழியாகச் சேரலாம். விலங்கியல் படிக்க உங்கள் பாளையங்கோட்டையை விட்டு நகரவே வேண்டாம். முதுநிலையில் காட்டுயிர் உயிரியல் படிக்க மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி இருக்கிறது. டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது. அங்கே போட்டி கடுமை. ஒளிப்படத்தையே முறையாகப் படிக்க வேண்டுமென்று அப்போதும் தோன்றினால், காந்திநகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் முதுநிலைப் படிப்பும் ஊட்டியில் லைட் அண்ட் லைஃப் அகாடமியும் உண்டு. அந்த முடிவை அவள் மூன்று வருடம் கழித்து எடுக்கட்டும். இன்று அவசரமில்லை.

இனி எழுதுவது உங்கள் மகளுக்கு. இந்தப் பக்கங்களை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

முண்டந்துறை, கபினி போன்ற காடுகளுக்குப் போனால்தான் நல்ல படம் கிடைக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். முதலில் அந்த எண்ணத்தைத்தான் நீ விட வேண்டும். சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் ஒரு குளத்தைத் தேர்ந்தெடு. ஒரு வருடம் அந்த ஒரே குளத்துக்குப் போ. வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்புவதைப் பார். பிசானப் பருவ நெல் நடவுக்கு உழும் வயலில் டிராக்டரின் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் நடக்கும். மார்கழி, தை மாதங்களில் வலசை வாத்துகள் இறங்கியிருக்கும். உங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்து வருகிறது. சித்திரையில் குளம் வற்றும்போது மிச்சத் தண்ணீரில் மீன்கள் ஒதுங்கும்; கொக்கும் நாரையும் அந்தச் சேற்றில் குவியும். ஒரே கரையில் நின்று இத்தனையும் பார்த்தவளுக்கு, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரிய ஆரம்பிக்கும். ஷட்டரை அழுத்த வேண்டிய கணம் அப்போதுதான் பிடிபடும்.

ஓர் உதாரணம். கருப்புவெள்ளை மீன்கொத்தி பாய்வதற்கு முன் தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். உடல் ஆடினாலும் தலை அசையாது. இது தெரியாதவள் கிளைகளுக்கு நடுவே அதைத் தேடித் திணறுவாள். தெரிந்தவள் வெளிச்சம் சரியாக விழும் பக்கத்தில் உட்கார்ந்து, அது தன் முன்னால் வந்து நிற்கும்வரை காத்திருப்பாள். மடையான் என்கிற குளத்துக்கொக்கு இன்னொன்று. நிற்கும்போது சேற்றோடு சேறாக இருக்கும். எழும்பும்போது சிறகு முழுக்க வெள்ளை. அந்த வெள்ளை விரியும் நொடிதான் உனக்கு வேண்டும் என்றால், அது எழும்பும் முன் உடலைத் தாழ்த்தும் விதத்தைப் பல தடவை பார்த்திருக்க வேண்டும்.

தொழில்நுட்பம் குறைவாகப் போதும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி அளவில் இருக்கட்டும். குவியம் (ஃபோகஸ்) பறவையின் கண்ணில் விழட்டும். பறவையின் கண் மட்டத்துக்கு நீயும் தாழ்ந்து, கரையில் படுத்து எடு. இருண்ட தண்ணீரின் பின்னணியில் வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது கேமரா ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகின் இழைகள் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டு மிஞ்சும். அங்கே ஒளியளவை நீயே குறைக்க வேண்டும். கேமரா பதிந்த தகவல் முழுதும் அப்படியே இருக்கும் ரா கோப்பாகவே எடுத்து வை. மற்ற அமைப்புகளெல்லாம் கை பழகப் பழக வந்துவிடும்.

அம்மாவின் கடிதத்தோடு வந்த குறிப்பில் படைப்பு என்று நீ எழுதியிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். தமிழ்ப் பாடத்தில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் படித்திருப்பாய். நிலமும் பொழுதும் முதல். அங்கே வாழும் உயிர்கள் கரு. அதில் எழும் உணர்வு உரி. இப்போது நீ அனுப்பியிருக்கும் படங்களை எடுத்துப் பார். மங்கலான பச்சைப் பின்னணியில் கூர்மையான ஒரு பறவை. எல்லாமே கருப்பொருள். அந்த மீன்கொத்தி திருநெல்வேலியில் இருக்கிறதா, அசாமில் இருக்கிறதா? விடியலா, அந்தியா? மழைக்கு முன்பா, பின்பா? படம் எதையும் சொல்லவில்லை. நம் பழைய கவிஞர்கள் நாரையைப் பாடும்போது அது நிற்கும் உப்பங்கழியையும் வேளையையும் விட்டுவிட்டுப் பாடியதில்லை. நீயும் விடாதே.

இதைப் பழகச் சில பயிற்சிகள் சொல்கிறேன். ஒரு மாதம் முழுக்க, படத்தில் பறவை பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் பிடிக்கக் கூடாது என்று வைத்துக்கொள். மடை, கருவேலமரம், துணி துவைக்கும் கல், நடவு செய்யும் பெண்கள் எல்லாம் படத்துக்குள் வரட்டும். இன்னொரு மாதம் சூரியனைப் பார்த்தபடியே எடு. பறவையின் விளிம்பு மட்டும் ஒளிரட்டும். பிறகு ஷட்டரை 1/30க்கு இறக்கி, பறக்கும் கூட்டத்தோடு கேமராவையும் நகர்த்து. முதலில் பெரும்பாலானவை வீணாகும், பரவாயில்லை. மழை நாளில் வீட்டுக்குள் இருக்காதே. கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போதும்.

2021இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் இளையோருக்கான முதல் பரிசு வாங்கியவன் பெங்களூருவைச் சேர்ந்த வித்யுன் ஹெப்பார், பத்து வயதுச் சிறுவன். அவன் எடுத்தது சுவரின் சந்தில் வலை கட்டியிருந்த ஒரு சிலந்தியை. பின்னால் ஒரு ஆட்டோ கடந்தது. அதன் வண்ணங்கள் வலைக்குப் பின்னணியாகிவிட்டன. 2023இல் அதே போட்டியில் முதுகெலும்பற்ற உயிரினங்களின் நடத்தைப் பிரிவில் வென்றவர் ஸ்ரீராம் முரளி. தன் ஊருக்கு அருகே ஆனைமலைக் காட்டில் மின்மினிகளை, ஒவ்வொன்றும் 19 நொடி ஒளி வாங்கிய 50 படங்களாக எடுத்து ஒன்றாக்கினார். பதினாறு நிமிடக் காட்டின் மினுமினுப்பு ஒரே சட்டத்தில் வந்தது. இரண்டு படங்களிலும் இடம் இருக்கிறது, பொழுது இருக்கிறது. இரண்டுமே எடுத்தவர்களின் சொந்த ஊரிலோ அதன் அருகிலோ கிடைத்தவை. அதை நீ கவனிக்க வேண்டும்.

கொஞ்ச காலம் போனால் உன் படங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும் கட்டம் வரும். அது திறமை தீர்ந்துபோனதன் அடையாளம் அல்ல. கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் எட்டவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் புது லென்ஸ் வாங்கத் தோன்றும். வாங்காதே. பறவையை விட்டுப் பூச்சிக்குப் போ, அல்லது ஒரு மாதம் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடு. கேமராவை வைத்துவிட்டுப் பென்சிலில் வரைந்தாலும் நல்லதே. நாரையின் கால் எங்கே மடங்குகிறது என்று வரைந்தவளுக்குத் தெரிவது, படமெடுத்தவளுக்குப் பல நேரம் தெரியாது.

தினமும் ஒரு குறிப்பேடு எழுது. தேதி, நேரம், காற்று, தண்ணீர் மட்டம், எந்தப் பறவை என்ன செய்தது. பறவையின் ஊர்ப்பெயரைக் கரையில் மாடு மேய்ப்பவரிடம் கேட்டு அதையும் எழுது. எண்ணிக்கையை, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு செயலியில் ஏற்று. ஒரு குளத்தைப் பற்றித் தொடர்ச்சியாகத் தகவல் வைத்திருக்கும் மாணவியை ஆய்வாளர்கள் மதிப்பார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உன் படங்களைவிட இந்தக் குறிப்பேடு பலமாகப் பேசக்கூடும். நல்ல தமிழிலும் ஆங்கிலத்திலும் படத்துக்கு நான்கு வரி எழுதத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் குறைவு. அந்தக் குறைவு உனக்கு வாய்ப்பு.

எடுத்த அன்றே படத்தைத் தேர்ந்தெடுக்காதே. வெயிலில் பட்ட பாடெல்லாம் மனதில் இருக்கும். படம் இருப்பதைவிட நன்றாகத் தெரியும். ஒரு வாரம் ஆறப்போட்டுப் பார். வருடக் கடைசியில் பன்னிரண்டு படம் மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைப் பறவை பார்க்கும் பழக்கமே இல்லாத உன் அத்தையிடம் காட்டி, என்ன தெரிகிறது என்று கேள். "அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அந்தப் படம் இன்னும் முழுமையாகவில்லை. "தண்ணி வத்திப்போச்சே, இதுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டால் படம் பேசிவிட்டது. இணையத்தில் விழும் விருப்பக்குறிகளுக்கு இந்த வேலையைச் செய்யத் தெரியாது.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். கூடுகளை விட்டுவிடு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே காட்டுப்பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது அடங்கும். கிளையை ஒடித்து வழி செய்வது, குஞ்சைப் பார்க்க மரத்தடியில் கூடி நிற்பது எதுவும் வேண்டாம். தாய்ப்பறவை பயந்து எழும்பினால் குஞ்சு வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். கூந்தன்குளத்து மக்கள் தங்கள் வீட்டு மரங்களில் நாரை கூடு கட்டினால் அதைக் கலைக்காமல் வாழ்ந்து பழகியவர்கள். அந்த ஊருக்குப் போகும் நமக்கும் அதே பழக்கம் வேண்டும். சரணாலயத்திலும் புலிகள் காப்பகத்திலும் வனத்துறை அனுமதியின்றி நுழையாதே, டிரோனும் பறக்கவிடாதே.

படத்தில் பொய் சொல்லாதே என்பதும் இதோடு சேர்ந்தது. நான் சொன்ன லண்டன் போட்டியில் 2009இல் வென்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்ததால் 2010 ஜனவரியில் தகுதியிழந்தது. 2017இல் வென்ற எறும்புத்தின்னிப் படம், பாடம் செய்த உடல் என்ற முடிவால் மறு வருடம் நீக்கப்பட்டது. இந்தத் துறையில் பெயர் ஒருமுறை கெட்டால் திரும்ப வருவது கடினம்.

அம்மா, மறுபடி உங்களிடம். இப்போதைக்கு நல்ல நிலையிலுள்ள பழைய கேமரா ஒன்றும் 55–250 அல்லது 70–300 மி.மீ. லென்ஸ் ஒன்றும் போதும். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போய்ச் சோதித்து வாங்குங்கள். பெரிய லென்ஸ் வேண்டியிருந்தால் அது அவள் முதல் சம்பளத்துக்குப் பிறகு வரட்டும்.

விடியற்காலையில் பெண்பிள்ளையைத் தனியாகக் குளக்கரைக்கு எப்படி அனுப்புவது என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது; அதை அடக்கிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். தனியாக அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மாணவர்களும் தன்னார்வலர்களும் குழுவாகப் போகிறார்கள். பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. அவளை அவற்றில் சேர்த்துவிடுங்கள். அங்கே கிடைக்கும் இரண்டு மூன்று தோழிகளோடு வாரம் ஒருநாள் போய் வரட்டும். முதல் சில தடவை நீங்களும் கூடப் போங்கள். கரையோரத்துக் கடைக்காரரிடமும் நீர்ப்பாய்ச்சுகிறவரிடமும் இவள் இன்னார் மகள் என்று சொல்லி வையுங்கள். எந்தக் குளம், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று எழுதி வைத்துவிட்டுப் போகும் பழக்கம் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். கல்லூரி விண்ணப்பத் தேதிகள் முடியும் முன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை நேரில் வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு, அவளுக்குப் பிடித்த பத்துப் படங்களையும் அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.