க்ரீம் கடைசியில்தான்! ஸ்ட்ராபெர்ரி பஞ்ச்: வாசகர் கேள்வி பதில்

ஈஸ்டர் விருந்தை ஒட்டி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஈஸ்டர் அன்று மதியம் 20 பேர் வருகிறார்கள். க்ரீம் சேர்த்த ஸ்ட்ராபெர்ரி பஞ்ச் செய்ய ஆசை. 'ஒரு கப், இரண்டு கப்' என்று சொல்லாமல் சரியான அளவு கொடுங்களேன்.
(வாசகி, பாளையங்கோட்டை)

ஆளுக்கு 150 மி.லி. டம்ளர் ஒன்று என்று கணக்கு வைத்தால் மொத்தம் 3 லிட்டர் வேண்டும். ஸ்ட்ராபெர்ரி 1 கிலோ, சர்க்கரை 150 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா ஐஸ்கிரீம் 1 லிட்டர், ஃப்ரெஷ் க்ரீம் 200 மி.லி., கண்டென்ஸ்டு மில்க் 100 கிராம், ஜிஞ்சர் ஏல் (இஞ்சிச் சுவையுள்ள இனிப்புச் சோடா) 300 மி.லி. கேன் நான்கு. பழம் 200 கிராம் டப்பாவாகக் கிடைத்தால் ஐந்து டப்பா. மேலே மிதக்கவிட இன்னும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டிப் பார்த்து "மூன்றரை லிட்டர் வருகிறதே" என்று நினைக்க வேண்டாம். ஐஸ்கிரீமில் ஏறக்குறைய பாதி காற்று. 1 லிட்டர் டப்பா உருகினால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், அவ்வளவுதான்.

வேலையை முந்தின நாள் இரவே தொடங்குங்கள். பழத்தைக் காம்போடு கழுவி, நீர் வடிந்த பிறகு காம்பைக் கிள்ளுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் பழம் சப்பென்று ஆகிவிடும். ஒவ்வொன்றையும் நான்காக நறுக்கிச் சர்க்கரையும் உப்பும் தூவிப் பிசறி, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு மணி நேரத்திலேயே சாறு விட்டிருக்கும். இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது.

காலையில் அந்தச் சாற்றோடு மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். மொத்தம் 20, 30 விநாடி போதும். தொடர்ந்து ஓடவிட்டால் விதைகள் உடைந்து லேசாகக் கசக்கும், ஜாரும் சூடேறும். குழந்தைகள் விதையைக் கண்டு முகம் சுளிப்பார்கள் என்றால் பெரிய கண் வடிகட்டியில் ஒரு முறை வடித்துவிடுங்கள். சுமார் 1 லிட்டர் விழுது கிடைக்கும். இப்போது ருசி பார்த்தால் கொஞ்சம் திகட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். குளிர்ச்சியில் இனிப்பு மட்டுப்படும், ஜிஞ்சர் ஏல் வேறு நீர்க்க வைக்கும். இப்போதே அளவாக இருந்தால் பரிமாறும்போது சப்பென்று ஆகிவிடும்.

விழுது, க்ரீம், ஜிஞ்சர் ஏல், கலக்கப் போகிற பாத்திரம் எல்லாமே சில்லென்று இருக்க வேண்டும். விருந்தினர் உட்கார்ந்த பிறகு க்ரீமையும் கண்டென்ஸ்டு மில்க்கையும் தனிக் கிண்ணத்தில் ஒரு நிமிடம் அடித்துக் கலக்குங்கள். அதில் ஒரு கரண்டி விழுதை விட்டுக் கலக்கி, பிறகு இன்னொரு கரண்டி, இப்படி நாலைந்து கரண்டி சேர்ந்ததும் மீதியை மொத்தமாக ஊற்றலாம். புளிப்பான விழுதில் க்ரீமைக் கொட்டாதீர்கள். க்ரீமில்தான் விழுது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர வேண்டும். பத்து நிமிடம் வெளியே வைத்து இளகிய ஐஸ்கிரீமில் பாதியை இதில் கலந்து, ஜிஞ்சர் ஏலைப் பாத்திரத்தின் ஓரமாகச் சரித்து மெதுவாக விடுங்கள். மீதி ஐஸ்கிரீமை உருண்டைகளாக மேலே மிதக்கவிட்டு, நறுக்கிய பழம் தூவினால் முடிந்தது. கால் மணி நேரத்துக்குள் டம்ளர்களில் போய்விட வேண்டும்.

20 பேருக்கும் ஒரேயடியாகக் கலக்க வேண்டாம். பத்துப் பத்துப் பேராக இரண்டு தவணையில் கலக்குங்கள். விழுது ஃப்ரிட்ஜில் இருந்தால் இரண்டாவது தவணைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

கேள்வி: போன வருடம் காய்ச்சிய பாலில் ஸ்ட்ராபெர்ரி அரைத்து ஊற்றி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, அன்னாசித் துண்டும் போட்டு வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பன்னீர் மாதிரி திரிந்துவிட்டது. கசப்பும் தட்டியது. எதில் தப்பு?
(வாசகர், மதுரை)

மூன்றிலுமே. பன்னீர் செய்வதற்குத் தேவையான எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறீர்கள்!

பாலின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; புளிப்பு கூடக் கூட இது குறையும்) 6.6-ஐ ஒட்டி இருக்கும். கேசீன் என்ற புரதம் அதில் நுண்துகள்களாகப் பரவி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கிறது. புளிப்பு சேரச் சேர அந்தத் தள்ளுவிசை குறையும், பி.எச். 4.6-க்கு வந்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகும். ஸ்ட்ராபெர்ரியின் பி.எச். சுமார் 3.5. ஆக, பழம் தனியாகவே பாலைத் திரிக்கும் வல்லமை உடையது. அதன் மேல் எலுமிச்சையும் விழுந்தால் கேட்கவே வேண்டாம். பால் வெதுவெதுப்பாக இருந்தால் இதே வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

கசப்புக்குக் காரணம் அன்னாசி. பச்சை அன்னாசியில் உள்ள புரோமிலைன் என்ற நொதி பால் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும். அந்தத் துண்டுகளுக்குக் கசப்பு உண்டு. கிவிப் பழத்திலும் இதே மாதிரி ஒரு நொதி இருக்கிறது. அன்னாசி வேண்டுமென்றால் டின்னில் வருவதைப் போடுங்கள், அல்லது துண்டுகளைச் சர்க்கரை சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும்.

முதல் கேள்விக்கான அளவில் பாலே சேர்க்காததன் காரணமும் இதுதான். பஞ்சுக்கு வழவழப்பைத் தருவது கொழுப்பு. க்ரீமில் கொழுப்பு கூடுதல், திரியக்கூடிய புரதம் பாலைவிடக் குறைவு. ஐஸ்கிரீமில் சர்க்கரையும், துகள்கள் ஒட்டாமல் தடுக்கும் நிலைநிறுத்திகளும் சேர்ந்தே வருகின்றன. கண்டென்ஸ்டு மில்க் புளிப்பில் கெட்டியாகும். ஆனால் சர்க்கரை அதிகம் என்பதால் கட்டி தட்டாமல் கூழாகக் கெட்டியாகும், அது நமக்கு லாபம்தான். ரோஸ் மில்க் செய்து பழகிய கை பாலைத்தான் முதலில் தேடும். ஆனால் அங்கே சேர்வது சில கரண்டி சிரப்; இங்கே ஒரு கிலோ புளிப்புப் பழம்.

லேசாகத் திப்பி தட்டியிருந்தால் மிக்ஸியில் இரண்டு கரண்டி ஐஸ்கிரீமோடு ஒரு சுற்று விட்டுச் சமாளிக்கலாம். நீர் தனியாகப் பிரிந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: எங்கள் ஊரில் ஏப்ரலில் நல்ல ஸ்ட்ராபெர்ரி கிடைப்பதில்லை. ஃப்ரீசரில் வைத்ததைப் பயன்படுத்தலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

தாராளமாக. பஞ்சுக்கு உறைந்த பழம்தான் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் பழத்தின் திசுக்களைக் கிழித்துவிடும். உருகியதும் சாறு தானாக வடியும். அலங்காரத்துக்கு மட்டும் அது உதவாது, தொளதொளத்துப் போகும்.

நம் நாட்டுச் ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி பக்கத்திலிருந்து வருகிறது. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரிக்கு 2010-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊட்டி, கொடைக்கானல் பழமும் நம் ஊர்களுக்கு வருவதுண்டு. மகாராஷ்டிரப் பழத்தின் வரத்து குளிர்காலத்தில் தொடங்கி மார்ச், ஏப்ரலோடு அடங்கும். ஈஸ்டரோ மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே எந்த ஞாயிறும் வரலாம். தாமதமாக வரும் வருடங்களில் பிப்ரவரியிலேயே வாங்கி உறைய வைப்பது புத்திசாலித்தனம். கழுவி, ஈரம் துடைத்து, காம்பு நீக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். கல்லானதும் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். நேராகப் பையில் போட்டால் ஒரே பாறையாகிவிடும்.

வாங்கும்போது காம்பருகே பாருங்கள். அங்கே வெள்ளையாக இருந்தால் முழுதாகப் பழுக்கவில்லை. மாம்பழம், வாழைப்பழம் போல வீட்டில் வைத்துப் பழுக்க வைக்க முடியாத பழம் இது. பறித்தபோது இருந்த இனிப்புதான் கடைசிவரை. டப்பாவின் அடியைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள், பூஞ்சை பிடித்தது அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: நிறம் வெளிறி, சாம்பல் பூத்த மாதிரி ஆகிறதே? எசென்ஸ் விடலாமா? க்ரஷ் பாட்டில் போதாதா?
(வாசகி, கோயம்புத்தூர்)

ஸ்ட்ராபெர்ரியின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி தருவது. புளிப்பில் பளிச்சென்று இருக்கும். பால் சேர்ந்து புளிப்பு குறைந்தால் மங்கும். கொதிக்க வைத்தால் பழுப்பேறும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற வைத்தாலும் நிறமும் ருசியும் கெடும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிதான் சரி. நிறம் கூட்ட, துருவிப் பிழிந்த பீட்ரூட் சாறு ஒரு டீஸ்பூன் 3 லிட்டருக்குப் போதும். இரண்டாவது டீஸ்பூனில் மண் வாசனை எட்டிப் பார்க்கும்.

எசென்ஸ் விட்டால் மிட்டாய் வாசனைதான் வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. க்ரஷ் பாட்டிலில் பாதிக்கு மேல் சர்க்கரை, கூடவே சிட்ரிக் அமிலம். பழம் குறைந்துபோன அவசரத்தில் 200 கிராம் பழத்துக்குப் பதில் 100 மி.லி. க்ரஷ் சேர்க்கலாம், அப்போது சர்க்கரையில் 50 கிராமைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: ஐஸ்கிரீம் மேல் சோடா ஊற்றினால் பொங்கி மேஜையெல்லாம் வழிகிறது. என்ன செய்ய?
(வாசகர், சென்னை)

ஐஸ்கிரீமில் உள்ள காற்றுக் குமிழிகளும் பனித்துகள்களும் சோடாவின் வாயு வெளியேற இடம் கொடுக்கின்றன. வெளியேறும் வாயுவைப் புரதமும் கொழுப்பும் நுரையாகப் பிடித்து வைக்கின்றன. அதனால் 3 லிட்டர் பஞ்சுக்கு 5 லிட்டர் பாத்திரம் எடுங்கள். சோடா நன்றாகக் குளிர்ந்திருந்தால் பொங்குவது குறையும். சோடாவை முதலில் விட்டு, மேலே மிதக்கும் உருண்டைகளைப் பிறகு போடுங்கள். இதற்கு நேர்மாறாகச் செய்யும்போதுதான் வழிகிறது.

ஜிஞ்சர் ஏல் கிடைக்காவிட்டால் சாதா சோடா 1.2 லிட்டர் எடுத்து, விழுதில் சர்க்கரையை 50 கிராம் கூட்டி, ஒரு டீஸ்பூன் இஞ்சிச் சாறு விடலாம். இஞ்சியை அரைத்து வடித்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். மேல் தெளிவை மட்டும் எடுங்கள். பச்சை இஞ்சிச் சாறும் பாலைக் கட்ட வைக்கும் தன்மை கொண்டது, ஆகவே தெளிவை ஒரு கொதி விட்டு ஆற வைத்த பிறகே சேர்க்க வேண்டும். கோலி சோடா உடைத்து ஊற்றினால் விருந்தில் சின்னப் பிள்ளைகள் மேஜையை விட்டு நகர மாட்டார்கள், அது வேறு விஷயம்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. தேங்காய்ப் பாலில் செய்யலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

செய்யலாம், ஆனால் அதை அதிகம் குளிர வைக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்த முதல் பாலின் மேல் வெள்ளை ஏடு கட்டுவது அதனால்தான். கலந்தால் வாயில் மெழுகுத் துணுக்கு போல நெருடும். அவருக்கு மட்டும் ஒரு டம்ளருக்கு 60 மி.லி. விழுது, 40 மி.லி. கெட்டி முதல் பால், ஒரு டீஸ்பூன் சர்க்கரை மூன்றையும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, மேலே குளிர்ந்த ஜிஞ்சர் ஏல் 50 மி.லி. ஊற்றி உடனே கொடுங்கள். இதுவும் நின்றால் பிரியும்; ஒரு கலக்குக் கலக்கினால் சேர்ந்துவிடும். ஐஸ்கிரீம் போலவே வரும் டப்பாவில் 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்று எழுதியிருக்கிறதே, அதைப் போடலாமா என்று யோசிக்காதீர்கள்: அதில் கொழுப்பு தாவரத்துடையதாக இருந்தாலும் பால் பொருள் பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: ஐஸ்கட்டி போட்டால் நீர்த்துவிடுகிறது, போடாவிட்டால் வெயிலில் சூடாகிறது. எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?
(வாசகர், திருச்சி)

சின்னக் கட்டிகளைத் தவிருங்கள். சிறியது பல என்றால் உருகும் பரப்பும் அதிகம். ஸ்ட்ராபெர்ரி விழுதில் ஒரு பங்கும் காய்ச்சி ஆறிய நீர் ஒரு பங்கும் கலந்து, டிபன் பாக்ஸில் ஊற்றி இரவு முழுக்க உறைய வைத்து, அந்த ஒரே பாளத்தைப் பாத்திரத்தில் இறக்குங்கள். மெதுவாகத்தான் உருகும், உருகினாலும் பழச்சாறுதான் சேரும்.

க்ரீம் சேர்ந்த எதுவும் சாதாரண அறையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு, ஏப்ரல் மதியத்தில் நம் ஊருக்கு இதுவே பொருந்தும். அந்த நேரத்துக்குள் மீந்ததைக் குல்ஃபி அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சோடா வாயு போயிருக்கும், ருசி போகாது. நேரம் கடந்துவிட்டால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொட்ட வேண்டியதுதான்.

கேள்வி: பிரியாணி சாப்பிட்ட கையோடு கொடுக்கலாமா?
(வாசகி, தூத்துக்குடி)

நெய்ச் சோற்றின் மேல் க்ரீம் விழுந்தால் இரண்டு வாயோடு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். வந்தவுடன் 100 மி.லி. சின்ன டம்ளரில் கொடுங்கள், அல்லது நாலு மணிக்குக் கேக்கோடு எடுத்து வையுங்கள்.