தொட்டிக்கு அடியில் ஹீட் மேட்: தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டலாமா?

கேள்வி: பால் பைதான் (Ball Python, விஷமில்லாத ஒரு மலைப்பாம்பு வகை) குட்டி ஒன்று வாங்கப் போகிறேன். கண்ணாடித் தொட்டியும், அதன் அடியில் ஒட்டும் ஹீட் மேட்டும் (மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய விரிப்பு) வந்துவிட்டன. தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து மேட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) கட்டாயமா? ராத்திரியில் மேட்டை அணைத்துவிடலாமா?

கட்டாயம். தெர்மோஸ்டாட் கைக்கு வரும்வரை மேட்டின் பிளக்கைச் செருகவே வேண்டாம், பாம்பையும் கொண்டுவர வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம்.

உங்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் கேள்வி கேட்ட தோரணையைப் பார்த்தால், தொட்டி, மேட், ஒளிவிடம் (பாம்பு ஒளிந்துகொள்ளும் இடம்), தண்ணீர்க் கிண்ணம் என்று எல்லாம் வாங்கிக் கை காலியான பிறகு, 'இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது' என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அந்தக் கடுப்பில் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நியாயமான கடுப்புதான். தெர்மோஸ்டாட் இல்லாமல் பயன்படுத்தக் கூடாத ஒரு பொருளைத் தனியாகப் பெட்டியில் போட்டு விற்பதே எனக்குப் புரியாத வியாபாரம்.

இந்தக் கேள்வியைக் கண்டாலே நான் நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. என்னிடம் உள்ள பால் பைதான், வேறொருவர் வளர்த்து, வீடு மாறும்போது கைமாற்றிவிட்டுப் போனது. துணிப்பையிலிருந்து எடுத்ததும் வழக்கம்போல வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன். பால் வெள்ளையாக இருக்க வேண்டிய வயிற்றுச் செதில்கள் நடு உடம்பில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பேறியிருந்தன. ஓரங்கள் மேல்நோக்கி மடங்கியிருந்தன. இரண்டு மூன்று செதில்களுக்கு அடியில் நீர் கோத்து, லேசாக அழுத்தினால் நகர்ந்தது. விரல் பட்டபோதெல்லாம் அந்த இடத்துச் சதை மட்டும் வெடுக்கென்று சுருங்கியது.

"சட்டை உரிக்கப் போகுது, அதான் நிறம் மாறியிருக்கு" என்றார் கொண்டுவந்தவர். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பியிருந்தார். சட்டை உரிக்கும் முன் பால் பைதானின் வயிறு இளஞ்சிவப்பாவதும் உண்மைதான். ஆனால் அது வயிறு முழுக்கச் சீராக வரும், கூடவே கண்ணும் மங்கும். ஒரு திட்டு மட்டும் நிறம் மாறி நீர் கோத்திருந்தால் அது வெந்த புண்.

கால்நடை மருத்துவரிடம் எடுத்துப்போனேன். பாம்பைத் தொடுவதற்கு முன்பே அவர் கேட்டது, "அடியில் மேட் இருந்துச்சா? தெர்மோஸ்டாட்?" என்றுதான். மரச்சிராயை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் டிஷ்யூ காகிதம் விரித்து, தினமும் மாற்றி, அவர் கொடுத்த களிம்பைப் பூசி வந்தேன். பாம்புக்குப் புண் ஆறுவது மனிதர்களுக்கு ஆறுவது போல இல்லை. ஒவ்வொரு சட்டையாக உரித்து உரித்துத்தான் தேறும். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது, நன்றாக இருக்கிறது. அந்த வரிசைச் செதில்கள் மட்டும் கோணலாகவே நின்றுவிட்டன.

பழைய உரிமையாளர் சொன்ன இன்னொன்றைப் பலர் வாயிலும் கேட்டிருக்கிறேன்: "கையை வச்சுப் பாத்தேன், இதமாத்தான் இருந்துச்சு." 40 டிகிரியை நம் உள்ளங்கை இதம் என்றுதான் சொல்லும், ஏனென்றால் நாம் சில நொடி வைத்துவிட்டு எடுத்துவிடுகிறோம். பாம்பு அதே இடத்தில் மணிக்கணக்கில் படுத்திருக்கும். சூட்டுப்புண் வருவதற்கு டிகிரி மட்டும் போதாது, எவ்வளவு நேரம் என்பதும் கணக்கு. 'சுட்டால் நகர்ந்துவிடாதா?' என்பீர்கள். பல சமயம் நகராது. மேல்காற்று குளிராக இருந்து, தொட்டியில் சூடான இடம் அது ஒன்றுதான் என்றால் அங்கேயே கிடக்கும். அதற்குப் பிடித்த ஒளிவிடமும் அந்தப் பக்கமே இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் ஒளிவிடம் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைக்கச் சொல்கிறார்கள்.

சரி, பொருத்தும் விஷயம். மேட் தொட்டியின் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், ஒரு ஓரமாக இருக்கட்டும். மறு ஓரம் குளிர்ந்த பக்கம். தண்ணீர்க் கிண்ணம் அங்கே. பால் பைதானுக்குச் சூடான இடத்தில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24 முதல் 27. தொட்டியை மேசை மேல் அப்படியே உட்கார வைக்காதீர்கள். நான்கு மூலையிலும் ரப்பர் கால் ஒட்டி, அடியில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். மேட் இழுக்கும் வாட் பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் வெளியேற வழியில்லாமல் சூடு சேர்ந்துகொண்டே போனால் கண்ணாடி விரிசல் விடும், மேசையும் கருகும். மரப்பெட்டிக்கு அடியில் மேட் ஒட்டுவது பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். மரம் சூட்டை மேலே விடாது, கீழேயே தேக்கும். ஒருமுறை ஒட்டிய மேட்டைப் பிய்த்து வேறு தொட்டியில் ஒட்டவும் கூடாது. உள்ளே இழை மடங்கினால் அந்த ஒரு புள்ளி மட்டும் கொதிக்கும்.

ஆட்கள் அதிகம் சறுக்குவது சென்சார் வைக்கும் இடத்தில். தெர்மோஸ்டாட்டிலிருந்து ஒரு ஒயரும் அதன் நுனியில் மொட்டு மாதிரி, சூட்டை அளக்கும் ஒரு சென்சாரும் வரும். அதைத் தொட்டிக்குள் சும்மா போட்டால் பாம்பு ஒருநாள் முட்டித் தள்ளிவிடும். அது குளிர்ந்த பக்கம் போய் விழுந்தால், தெர்மோஸ்டாட் 'இன்னும் சூடாகவில்லை' என்று எண்ணி மேட்டை நிறுத்தாமல் ஓட்டும். கிண்ணத்துத் தண்ணீர் கொட்டியோ, பாம்பு சிறுநீர் கழித்தோ சென்சார் நனைந்தாலும் அதே கதைதான். நான் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, வெளிப்புறத்தில், அலுமினிய டேப்பால் அசையாமல் ஒட்டிவிட்டேன். பாம்பின் மூக்கு அங்கே எட்டாது. தொட்டிக்கு உள்ளே மட்டும் எந்த டேப்பையும் ஒட்டாதீர்கள். பசை செதிலில் ஒட்டிக்கொண்டால் தோலோடு வரும்.

இப்படி வெளியே வைப்பதில் ஒரு சங்கதி உண்டு. சென்சார் காட்டும் அளவைவிடக் கண்ணாடிக்கு மேலே சில டிகிரி குறைவாக இருக்கும். ஆகவே தெர்மோஸ்டாட்டில் 32 என்று வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட முடியாது. உள்ளே தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்து, அது காட்டும் எண்ணைப் பார்த்து, தெர்மோஸ்டாட்டை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். அந்தத் தெர்மாமீட்டரின் முனை மரச்சிராய்க்கு மேலே இல்லாமல் அதற்கு அடியில், கண்ணாடியைத் தொட்டபடி இருக்க வேண்டும். மேலே அளந்தால் 30 காட்டும்; அதே நேரத்தில் அடியில் கண்ணாடி 40-ஐத் தாண்டியிருக்கலாம். பாம்பு சிராயைத் தோண்டிக்கொண்டு கண்ணாடி வரை போகும் பிராணி. சிராயும் கனமாக வேண்டாம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். சுவரில் ஒட்டும் முள் வைத்த வட்ட மீட்டர்களை நம்பாதீர்கள், அவை அழகுக்கு.

பாம்பு வருவதற்குச் சில நாள் முன்பே காலித் தொட்டியில் எல்லாவற்றையும் ஓடவிட்டு, காலையும் இரவும் அளவைப் பாருங்கள். பாம்பு வந்த பிறகும் அவ்வப்போது பாருங்கள். மலிவான தெர்மோஸ்டாட்டுகளில் உள்ளே இருக்கும் ரிலே (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) ஒருநாள் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்வது உண்டு. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அலறும் தெர்மாமீட்டர் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

ஒரு புலம்பல், மன்னிக்கவும். இந்தத் தெர்மோஸ்டாட் செய்பவர்களுக்கு நீல எல்ஈடி மேல் அப்படி என்ன மோகம்? படுக்கையறையில் தொட்டி வைத்திருக்கிறேன், விளக்கை அணைத்தால் சுவரெல்லாம் நீலம். இது மட்டுமா? ரவுட்டர், சார்ஜர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், காற்று வடிகட்டி, எல்லாம் ஆளுக்கொரு நிறத்தில் கண் சிமிட்டுகின்றன. மின்சாரம் வருகிறது என்று எனக்குத் தெரியும், ஐயா, நான்தானே செருகினேன். எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருபவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இனி, வரப்போகும் கமெண்டுகளுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். 'நான் பல வருஷமாகத் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்பவர்களே, சந்தோஷம். உங்கள் அறையின் குளிரும் உங்கள் தொட்டிக் கண்ணாடியின் கனமும் உங்களுக்குத் தோதாக அமைந்திருக்கின்றன. கேள்வி கேட்டவரின் அறை உங்கள் அறை இல்லை. 'இந்தக் காலத்தில் யார் மேட் வைக்கிறார்கள், மேலிருந்து சூடு கொடுப்பதுதான் முறை' என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. மேட் காற்றைச் சூடாக்காது. அது தரையை மட்டும்தான் சூடாக்கும். அறை ரொம்பக் குளிரும் என்றால் மேலே செராமிக் ஹீட்டரோ வேறு ஏதோ தேவைதான், அதற்கும் தனியாகத் தெர்மோஸ்டாட், பாம்பு தொடாதபடி சுற்றிலும் கம்பிக்கூடு. ஆனால் கேட்டவர் மேட் வாங்கிவிட்டார். வாங்கியதை ஆபத்தில்லாமல் ஓட்ட என்ன வழி என்பதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவரும் இல்லை, மின்பொறியாளரும் இல்லை. வெந்த வயிற்றுக்கு மருந்து போட்ட ஆள், அவ்வளவுதான்.

ராத்திரி அணைப்பது பற்றி: தெர்மோஸ்டாட் இருந்தால் அணைக்க வேண்டியதே இல்லை. பால் பைதான் இரவில் நடமாடும் ஜீவன், மேட்டில் வெளிச்சமும் கிடையாது, அதன் தூக்கத்தை அது கெடுக்காது. இரவில் இரண்டு மூன்று டிகிரி தானாகக் குறைந்தால் பரவாயில்லை. இரை விழுங்கிய அடுத்த சில நாட்களில் மட்டும் அந்தக் குறைவும் வேண்டாம். போதிய சூடு இல்லாவிட்டால் செரிக்காமல் கக்கிவிடும். கக்கினால் உடனே மறுபடி ஊட்டாதீர்கள். ஓரிரு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அதற்குள் தொட்டியின் அளவுகளைச் சரிபார்த்துவிட்டு, அடுத்த முறை சின்ன இரையாகக் கொடுங்கள்.