தேசியப் பூங்காக்களையும் பல்லுயிர்களையும் காப்பதில் நம் மக்களுக்கு உண்மையிலேயே அக்கறை இருக்கிறதா? அது வனத்துறையின் வேலைதானே?

அக்கறை இருக்கிறது என்பதுதான் என் பதில். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. தங்களையும் கூப்பிட்டுப் பேசி முடிவெடுத்த இடத்தில் ஜனங்கள் காவலுக்கு நிற்கிறார்கள். திடீரென்று ஒரு நாள் "இனிமேல் உள்ளே வரக்கூடாது" என்று பலகை நட்ட இடத்தில் ஒதுங்கிப் போகிறார்கள், சில நேரம் எதிர்த்தும் நிற்கிறார்கள். எனக்குப் பழக்கமான கடலை வைத்தே சொல்கிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக்காரன். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா எங்களுக்கு வீட்டு வாசல். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை வரிசையாக 21 தீவுகள். 1986-ல் பூங்காவாக அறிவித்தார்கள். அதில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் வருஷக்கணக்கில் வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆகவே கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டுப்பாடு கண்டிப்பாக வேண்டும். அதை யாரோடு உட்கார்ந்து போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் பக்கம் பெண்கள் பாசி எடுக்கப் போவார்கள். என் சித்தியும் போனவர்தான். விடியற்காலையில் பழைய சேலைத் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலாகச் சுற்றிக்கொள்வார், பாறை கிழித்துவிடும் என்று. கண்ணுக்குக் கண்ணாடி, சேலைக்கு மேலே ஒரு சட்டை, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்தைப் பறித்துப் பைக்குள் போட்டுவிட்டுத் தலையைத் தூக்குவார். இது மணக்கும் மரிக்கொழுந்து இல்லை, அகர் தயாரிக்க வாங்கிப்போகிற ஒரு கடல்பாசி. கட்டக்கோரை என்று இன்னொரு பாசியும் உண்டு.

இந்தப் பாசி கிடைப்பதே பெரும்பாலும் தீவுகளைச் சுற்றித்தான். 2000-க்குப் பிறகு பூங்காவுக்குள் போவதற்குக் கெடுபிடி கூடியதும், தலைமுறையாக இறங்கிய கடலில் இவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆகிவிட்டார்கள். இதுபோன்ற இடத்தில் போய் "இயற்கையைக் காப்போம்" என்று கூட்டம் போட்டால் யார் காதில் ஏறும்?

ஆனால் அந்தப் பெண்கள் செய்ததைப் பாருங்கள். பாசி குறைந்தால் முதலில் அடி வாங்குவது தாங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும். கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, இரும்புச் சுரண்டி போடாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வேர்ப்பிடி பாறையிலேயே இருந்தால் பாசி திரும்பத் தழைக்கும், பாறைக்கும் சேதம் குறைவு. இவர்களை முன்னின்று திரட்டிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி விருது கிடைத்தது, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கிற சர்வதேச விருது அது. பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத பெண்கள் இவர்கள். உள்ளூர் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

அடுத்தது ஆவுளியா. கடல்பசுவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். கடற்புல்லை மேய்கிற பிராணி. நுரையீரலால் மூச்சு விடுவதால் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஈன்றால் ஒரு குட்டிதான், அடுத்த குட்டிக்குப் பல வருஷம் ஆகும். ஒரு காலத்தில் இதைக் கறிக்காகப் பிடித்தார்கள், ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பாக் விரிகுடாவில் வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து வெளியே விடுகிறார்கள் மீனவர்கள். வலை என்றால் சும்மா இல்லை, கடன் வாங்கிப் போட்ட முதல். அந்த நஷ்டத்துக்கு அரசு ஊக்கத்தொகை கொடுத்து, ஊருக்கு முன்னால் பாராட்டவும் செய்கிறது. அந்தப் பணம் கைக்கு வந்துசேர்வது இங்கே ரொம்ப முக்கியம்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இதைத் தேசியப் பூங்காவாக அறிவிக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. தேசியப் பூங்கா என்றால் உள்ளே இருக்கிற உரிமைகளை அரசு எடுத்துக்கொள்ளும். பாதுகாப்பகம் என்றால் 1972 வனவிலங்குச் சட்டப்படி உள்ளூர் மக்களைக் கலந்து பேசித்தான் அறிவிக்க வேண்டும், மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். குழு காகிதத்தோடு நின்றுவிடாமல் கூடுகிறதா என்று கரைக்காரர்கள்தான் விடாமல் பார்க்க வேண்டும்.

சரி, கடலும் காடும் பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்வது? சென்னையில் இருந்தால் ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை நடைக்குப் போங்கள். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். முட்டையைக் காப்பது மட்டும் போதாது என்பதும் அங்கே போனால் தெரிந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. கரைக்குப் பக்கத்திலேயே ஓடுகிற இழுவைமடிப் படகுகளின் வலையில் சிக்கினால் ஆமையும் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அந்தப் படகுகளைத் தடுக்காமல் இதற்குத் தீர்வு இல்லை.

அப்புறம், பலருக்கும் தெரியாத ஒரு வழி உண்டு. தேசியப் பூங்கா, சரணாலயங்களைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம், அதாவது சுரங்கம், தொழிற்சாலை போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உள்ள வளையம், அறிவிப்பதற்கு முன்னால் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிடும். 60 நாளைக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். வக்கீல் வேண்டியதில்லை. 2020-ல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் பரப்பைக் குறைக்கப் பார்த்தபோது அது கைவிடப்பட்டதற்கு ஜனங்கள் போட்ட சத்தமே காரணம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியிலும் அதுதான் நடந்தது. 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த மலை அது. 2024 கடைசியில் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். கிராமசபைத் தீர்மானம், மதுரை வரை நடைப்பயணம் என்று ஊர் ஊராகக் கிளம்பியதில் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

உங்கள் ஊரிலேயே தொடங்க வேண்டுமென்றால், 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் போய் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஊர்க் கண்மாய்க்கு வருகிற பறவைகளும் பெரியவர்கள் சொல்கிற மூலிகைகளும் அதில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.