பழைய ஏழு இருக்கை எஸ்யூவி வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பாளையங்கோட்டையில் அப்பா, அம்மா, ஆச்சி, பிள்ளைகள் என வீட்டில் ஏழு பேர் இருப்பதாகவும், பத்து லட்சத்துக்குள் மூன்று வரிசை எஸ்யூவி ஒன்றைப் பழையதாக வாங்க எண்ணியிருப்பதாகவும் எழுதிவிட்டு, வண்டியைப் பார்க்கப் போகும்போது எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலி, தென்காசி, நாகர்கோவில் என்று ஐந்து மாதம் அலைந்து, பதினொரு வண்டிகளைக் கழித்துவிட்டுப் பன்னிரண்டாவதை வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடைசி வரிசையில் தொடங்குங்கள்.

நாம் போனதும் விற்பவர் முதலில் பானட்டைத்தான் தூக்கிக் காட்டுவார். எஞ்சின் பளபளவென்று இருக்கும். அதைக் கழுவிப் பாலிஷ் போட அரைநாள் கூலி போதும் என்பதால் அந்தப் பளபளப்புக்கு எந்தப் பொருளும் இல்லை. முன் இருக்கைகளுக்குப் புது உறையும், ஸ்டீயரிங்குக்குப் புதுத் தோலும் போட்டிருப்பார்கள். மூன்றாம் வரிசை அப்படியில்லை. அங்கே ஆள் உட்காருவது குறைவு, ஆகவே அக்கறையாகத் துடைப்பவரும் குறைவு. வண்டி வெள்ளத்தில் நின்றதா, பின்னால் இடி வாங்கியதா, உப்புக் காற்றில் கிடந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் பெரும்பாலும் அந்த இருக்கைக்கு அடியிலேயே கிடைத்துவிடுகிறது.

வெள்ளத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் பகுதிகளிலும், கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரையிலும் தண்ணீர் நின்றது. வீட்டு வாசலில் நின்ற வண்டிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இதற்குப் பதினைந்து நாள் முன்புதான் சென்னையிலும் வெள்ளம். அவற்றில் பல வண்டிகள் முழு இழப்பு என்று காப்பீட்டுக் கணக்கில் கழிக்கப்பட்டு, ஏலத்தில் போய், பழுது பார்க்கப்பட்டு மீண்டும் சாலைக்கு வந்திருக்கின்றன. கழிக்கப்பட்ட வண்டியைச் சரிசெய்து விற்பது வேறு, அதை மறைத்து விற்பது வேறு. நமக்குச் சிக்கல் இரண்டாவதில்தான்.

நான் பார்த்த நான்காவது வண்டி ஆறு வருடம் ஆனது, வெள்ளை நிறம், உள்ளே ஏறியதும் மல்லிகை வாசனை. இடைத்தரகர், "டாக்டர் வச்சிருந்த வண்டி அண்ணாச்சி, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுந்தான் ஓடுச்சு" என்றார். (நம் ஊரில் விற்பனைக்கு வரும் கார்களில் பாதி டாக்டர் வைத்திருந்தவையாகவே இருக்கின்றன. இத்தனை டாக்டர்கள் இருந்தும் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று தெரியவில்லை.) நான் பின்வரிசையில் ஏறி உட்கார்ந்து இடப்பக்கத்து சீட் பெல்ட்டை அதன் கடைசி முனை வரும் வரை இழுத்தேன். முதல் இரண்டு அடி புதிது போலக் கறுப்பாக வந்தது. அதற்குப் பிறகு வந்த பகுதியில் நாடாவின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, அதற்கு மேல் ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நகத்தால் சுரண்டியபோது காய்ந்த வண்டல் மாவு போல உதிர்ந்தது. என்னுடன் வந்திருந்த மேலப்பாளையத்து மெக்கானிக் பாய் இருக்கையின் அடியில் கையை விட்டு, போல்ட் தலையில் இருந்த துருவைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இது தண்ணி குடிச்ச வண்டி, வாங்க போவோம்" என்றார். பானட்டைத் திறக்காமலேயே திரும்பிவிட்டோம்.

நீங்களும் இவ்வாறே ஏழு பெல்ட்டுகளையும் முழு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். பின்கதவுப் பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைத் தண்டவாளங்களின் போல்ட், டாஷ்போர்டுக்கு அடியில் தெரியும் பூச்சில்லாத இரும்பு, ஃபியூஸ் பெட்டியின் செம்பு முனைகள் ஆகியவற்றில் துருவோ பச்சைக் களிம்போ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆறு வயது வண்டியில் தரைவிரிப்பு மட்டும் புதிதாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். எஞ்சினைப் பிரித்துக் கழுவி ஓட்டிவிடலாம். ஆனால் தரைவிரிப்புக்குக் கீழே ஓடும் மின்கம்பிகளின் இணைப்புகள் மெதுவாக அரித்துக்கொண்டே இருப்பதால், இரண்டாவது மழைக்காலத்தில் ஏதாவது ஒரு விளக்கு எரிய மறுக்கும். காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பணம் தண்ணீராகப் போகும்.

இதைக் காகிதத்திலும் பிடிக்க ஒரு வழி உண்டு. பழைய காப்பீட்டுப் பத்திரங்களை வரிசையாகக் கேட்டு வாங்கி, நோ கிளைம் போனஸ் (காப்பீட்டில் இழப்பீடு, அதாவது கிளைம், வாங்காதவருக்குத் தரும் கட்டணச் சலுகை) விழுக்காட்டைப் பாருங்கள். கிளைம் வாங்காதவருக்கு அது 20, 25, 35, 45, 50 என்று ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும். 2023இல் 45 இருந்து, அடுத்த பத்திரத்தில் பூஜ்யமாகிவிட்டால் இடையில் கிளைம் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஆண்டில் வண்டி கைமாறியிருந்தாலும் பூஜ்யமாகும். அந்தச் சலுகை வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. எனவே ஆர்சி (பதிவுச் சான்று) விவரத்துடன் ஒப்பிட்டுப் பார்த்து முடிவுக்கு வாருங்கள்.

அடுத்து, அந்த வரிசையில் உட்காரப் போகிறவர் யார் என்பது. நம் வீடுகளில் ஏழு பேரும் ஒன்றாகப் போவது பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கும், சீசனில் குற்றாலத்துக்கும், பிறகு கல்யாண வீடுகளுக்கும்தான். ஆச்சியை மூன்றாம் வரிசையில் ஏற்ற முடியாது. அம்மாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். ஆகவே அங்கே பிள்ளைகள்தான். இரண்டாம் வரிசை இருக்கையை மடித்துத் தள்ளும் நெம்புகோலைப் பிள்ளைகளையே இயக்கச் சொல்லுங்கள். பல பழைய வண்டிகளில் அந்த இழுவைக் கம்பி அறுந்து, விற்பவர் மட்டும் அறிந்த ஒரு கோணத்தில் தட்டினால்தான் இருக்கை மடியும். அவசரத்துக்கு உள்ளேயிருந்து பிள்ளைகள் வெளியே வர முடியவில்லை என்றால் அது வெறும் வசதிக் குறைவு அன்று. ஸ்கார்ப்பியோவின் சில வகைகளில் கடைசி இருக்கைகள் பக்கவாட்டில் எதிரெதிராக இருக்கும். அவற்றில் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு மலைப்பாதையில் போகக் கூடாது என்பது என் கருத்து. வாந்தி ஒருபுறம் இருக்க, இடி வாங்கினால் உடம்பைத் தாங்கிப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டால் பின்னால் இரண்டு பைகளுக்குத்தான் இடம் இருக்கும் என்பதையும், பொங்கல் பானையும் விறகும் கூரை மேல் ஏற வேண்டியிருக்கும் என்பதையும் வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கேரியர் மாட்டியிருந்த வண்டியாக இருந்தால், கூரையில் ஓட்டை போட்ட இடங்களில் துரு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பின் ஏசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் வாங்கிய வண்டியில் எனக்குச் செலவு வைத்தது அதுதான். பின்வரிசைக்குத் தனிக் குளிர்கருவி உள்ள வண்டிகளில் கேஸ் போகும் குழாய்கள் வண்டியின் அடிவயிற்றில் பின்சக்கரம் வரை ஓடுகின்றன. கல் தெறித்தும், துரு ஏறியும், அவற்றில் மயிரிழை அளவு கசிவு உண்டாகும். விற்பவர் முதல் நாள் கேஸ் நிரப்பிவிட்டால் நாம் பார்க்கும்போது உறைபனிபோல் குளிரும், சில வாரங்களில் வெறும் காற்றுதான் வரும். வண்டியை மேலே தூக்கவைத்துக் குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் கசியும் இடத்தில் அதனுடன் சுற்றும் எண்ணெயும் சேர்ந்து கசியும். சோதனையை மாலையில் வைத்துக்கொள்ளாமல், மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில் நின்ற வண்டியில் வையுங்கள். நான் 11,000 ரூபாய் கொடுத்துக் குழாயை மாற்றினேன். இதை முன்பே கண்டிருந்தால் விலையில் கழித்திருப்பேன்.

தூக்கிய வண்டியின் அடியில் இருக்கும்போதே துருவையும் பார்த்துவிடலாம். உவரி, கூடங்குளம், திருச்செந்தூர்க் கடற்கரையில் இருந்த வண்டிகளில் பின்சக்கர வளைவின் உட்புறமும் பிரேக் குழாய்களும் முதலில் அரிக்கும். கிரிஸ்டா வரையிலான இன்னோவா, ஸ்கார்ப்பியோ, ஃபார்ச்சூனர் போன்றவற்றில் சட்டம் (சேசிஸ்) தனியாகவும் உடல் தனியாகவும் இருப்பதால் சட்டத்தின் பின்கோடியில் புது வெல்டிங் இருக்கிறதா என்று தேடுங்கள். எக்ஸ்யூவி 500, 2021இல் வந்த சஃபாரி, அல்கசார் போன்றவற்றில் உடலே சட்டம். அவற்றில் ஜாக்கிக் குழியின் தகடு நெளிந்தோ, கம்பெனி வெல்டிங் புள்ளிகள் மறைந்தோ இருந்தால் பின்னால் பலமாக இடித்திருக்கிறது. கடைசி வரிசைக்கும் பம்பருக்கும் இடையே ஒரு முழம் கூட இல்லாத வண்டிகளில் இதைச் சிறிய குறை என்று ஒதுக்க மாட்டேன்.

எஞ்சினைச் சோதிக்கும் வழிகளை எல்லோரும் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில், தொட்டால் சூடில்லாத எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது. பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலிலும், 2021 சஃபாரியின் 2 லிட்டர் டீசலிலும் டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பட்டை) உண்டு. அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள், ஏனெனில் அது அறுந்தால் எஞ்சினும் சேர்ந்து போகும்.

ஓடிய தூரத்தை மீட்டரில் மட்டும் பார்க்காதீர்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். 2018 வண்டி 35,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லி, நான்கு டயரும் 2022இல் செய்யப்பட்டவையாக இருந்தால், முதலில் இருந்த நான்கும் எங்கே தேய்ந்தன என்று கேளுங்கள். நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சங்கதி, காற்றாலைக்கும் குவாரிக்கும் ஒப்பந்தத்தில் ஓடிய வண்டிகள். முப்பந்தல், ராதாபுரம் பக்கம் நாள் முழுவதும் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு நிழலில் நிற்கும் வண்டிக்கு மீட்டரில் ஒரு கிலோமீட்டர் கூட ஏறாது, ஆனால் எஞ்சினுக்கு வயது ஏறும். டிரைவர் இருக்கையின் வெளி விளிம்பு அமுங்கி, பின்வரிசை மட்டும் பிளாஸ்டிக் மணம் மாறாமல் இருந்தால் அந்த வண்டியை அப்படித்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கத் தனியாகப் போகாமல், ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஒருவர் ஓட்டும்போது நன்றாக இருக்கும் வண்டி, ஏழு பேர் ஏறியதும் பின்புறம் அமுங்கி, பள்ளத்தில் டயர் வளைவில் உரசும். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை போய் வாருங்கள். திரும்பும்போது மாலை நெரிசலில் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறுங்கள். ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டிய சோதனையை அந்தப் பாலமே உங்களுக்கு நடத்திக் கொடுக்கும். கிளட்ச் நழுவினால் அங்கே மணத்திலேயே தெரிந்துவிடும். பின்வரிசையில் இருந்த என் மகள், "அப்பா, இங்க டக்கு டக்குன்னு சத்தம் கேக்கு" என்று சொன்ன பிறகுதான் ஒன்பதாவது வண்டியில் பின் ஷாக் அப்சார்பரின் புஷ் (ரப்பர் வளையம்) தேய்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு அந்தச் சத்தம் எட்டவே இல்லை.

காகிதங்களில், அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டிக் கடன், காப்பீடு, பதிவு நாள் மூன்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கடன் தீர்ந்தது என்று வாயால் சொன்னால் போதாது, வங்கிச் சான்றும், ஆர்சியிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புளியரை தாண்டி வரும் கேரள வண்டி என்றால் படிவம் 28இல் தடையின்மைச் சான்றும், தமிழ்நாட்டுச் சாலை வரியும் சேரும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை நினைவில் வைத்து, அங்கிருந்து வரும் வண்டியிலும் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். டில்லியில் பத்து வருடம் ஆன டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தடை போட்டிருந்ததால் அவை மலிவாகத் தெற்கே வந்தன. நம் மாநிலத்தில் அந்தப் பத்து வருட விதி இல்லை, இருப்பினும் வரியும் அலைச்சலும் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேகை அன்றே கழற்றச் சொல்லிவிடுங்கள். நான் மறந்துவிட்டதால், நாங்குநேரி சுங்கச்சாவடியில் இரண்டு மாதம் என் பயணங்களுக்குத் தென்காசியில் இருக்கும் அந்த மனிதர் பணம் கட்டியிருக்கிறார். கணக்குப் பார்த்து ஒருநாள் அவரே போனில் கூப்பிட்டார்.